வேஷம் கட்டும் வீடுகள்

திருப்பதி கங்கம்மா ஜாதரையில் பிள்ளைகளுக்கான வேஷம் அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் தயாராகிறது. நேர்த்திக்கடன், கத்திரி வெயில், வாடகைக் கடை மூன்றுக்கும் நடுவே தாக்குப்பிடிக்கிறது ஒரு பழைய கைவேலை.

மே மாதத்து விடியற்காலை. திண்ணையில் நிற்கும் பையனுக்கு ஆறு வயதிருக்கும். இடுப்பில் ஒரு துண்டு மட்டும். இரண்டு கைகளையும் அகல விரித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருக்கிறான். எதிரே பாட்டி. பக்கத்தில் வெண்கலக் கிண்ணத்தில் முதல் நாள் இரவே ஊறப்போட்டுக் குழைத்த நாமக்கட்டி. நெற்றியில் தொடங்கி, தோள், மார்பு, முதுகு என்று பாட்டியின் உள்ளங்கை இறங்குகிறது. "அசையாதே சாமி, மூக்குல போயிடும்" என்பது பாட்டியின் ஒரே வசனம். கால் மணி நேரத்தில் பேரன் தலைமுதல் கால்வரை வெள்ளை. காய்ந்ததும் தோல் இழுக்கிறது என்று சிணுங்குகிறான். கழுத்தில் சரக்கொன்றை மாலை விழுந்ததும் சிணுங்கல் நிற்கிறது. கண்ணாடி முன்னால் போய் நின்று தன்னையே யாரோ போலப் பார்க்கிறான். அடுத்த வீட்டு வாசலிலும் அதே காட்சி. எதிர் வீட்டிலும்தான்.

திருப்பதியின் பழைய தெருக்களில் ஜாதரை வாரத்தின் முதல் காலை இப்படித்தான் தொடங்குகிறது. மலைமேல் இருக்கும் ஏழுமலையானைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து கூட்டம் வந்து போய்க்கொண்டிருக்க, மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் அந்த எட்டு நாளும் அவனுடைய தங்கையிடம் போகிறார்கள். தாத்தய்யகுண்டா கங்கம்மா. ஏழுமலையானின் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. அதனால் ஜாதரையின்போது திருமலை திருப்பதி தேவஸ்தானம் பட்டுப் புடவையும் மஞ்சள் குங்குமமும் பிறந்த வீட்டுச் சீராக அனுப்பி வைக்கிறது.

மேலைநாடுகளில் அக்டோபர் 31 ராத்திரி பிள்ளைகள் பேயாகவும் சூனியக்காரியாகவும் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பது இன்று சென்னை, பெங்களூர், ஹைதராபாத் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டது. அதற்கு 'ஹாலோவீன்' என்று பெயர். ஆனால் பிள்ளைக்கு வேஷம் கட்டித் தெருவில் விடும் திருவிழாவைத் தேடி அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேர பஸ் பயணம் போதும்.

பாளையக்காரனைத் தேடிய பெண்

கங்கம்மா கதையை ஊரில் ஒவ்வொரு வீடும் கொஞ்சம் மாற்றிச் சொல்லும். எலும்புக்கூடு ஒன்றுதான். பகுதியை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் பெண்களை வாழவிடவில்லை. கல்யாணமாகிப் போகும் ஒவ்வொரு மணப்பெண்ணையும் முதலில் தன்னிடம் கொண்டுவரச் சொன்னவன். கைகாலர் குடும்பமொன்று எடுத்து வளர்த்த அழகான பெண்மீது அவன் கண் பட்டது. கையைப் பிடிக்கப் போனபோதுதான் அவள் யாரென்று அவனுக்குத் தெரிந்தது. ஓடி ஒளிந்தான். அவளோ விடவில்லை. நாளுக்கொரு வேஷம் போட்டு அவனைத் தேடினாள். பண்டாரமாக வந்தாள், முரடனாக வந்தாள், தோட்டியாக வந்தாள். கடைசியில் துரையாக வந்தாள். தன் மேலதிகாரியே வந்திருக்கிறார் என்று நம்பி வணங்க வெளியே வந்தவனின் தலை உருண்டது. மறுநாள் அவள் மாதங்கியாக வேஷமிட்டு, தாலியறுத்து நின்ற அவன் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் போனாள்.

அம்மன் போட்ட வேஷங்களைத்தான் ஊர் வருஷாவருஷம் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. அம்மனாகவே வேஷமிட்டு வீதிகளில் வரும் உரிமை கைகாலர் குடும்பத்து ஆண்களுக்கு. மற்றவர்கள் வேண்டுதலுக்காகப் போடுகிறார்கள். ஜாதரைக்குக் காப்புப்போல முதலில் 'சாட்டிம்பு' நடக்கும். தமுக்கடித்து ஊர் எல்லைக்குள் அறிவிப்பு. அதன்பின் ஊர்க்காரர் ஊரைவிட்டுப் போய் வெளியில் தங்கக் கூடாது என்பது மரபு. தெருவுக்குத் தெரு வேஷதாரிகள் கிளம்புகிறார்கள். போகிற வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவதும் வேஷத்தில் சேர்த்தி. வேறு நாளில் பல்லுடைக்கும் வசவுக்கு அந்த வாரம் ஊர் சிரிக்கிறது.

இந்தக் கதைக்குத் தமிழ்நாட்டிலும் உறவுக்காரர்கள் உண்டு. வைகாசி முதல் நாளில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும். தமிழக எல்லையை ஒட்டிய குப்பத்திலும் மே மாதத்தில் கங்கம்மா ஜாதரை. வடஆற்காட்டிலிருந்து நெல்லூர் வரை கோடைக்காலம் அம்மன்களின் காலம்.

ஏழு நாள், ஏழு அலமாரி

ஜாதரையின் வேஷப் பட்டியலைப் பார்த்தால் அது தையற்கடைப் பட்டியல்போல இல்லை, மளிகைக் கடைப் பட்டியல்போல இருக்கிறது. முதல் நாள் பைராகி வேஷம்: நாமக்கட்டியும் சரக்கொன்றை மாலையும். இரண்டாம் நாள் பண்ட வேஷம்: உடம்பெங்கும் குங்குமம். மூன்றாம் நாள் தோட்டி வேஷம்: கரிப் பூச்சு, இடுப்பிலும் தலையிலும் வேப்பிலை. நான்காம் நாள் துரை வேஷம்: அரைத்த சந்தனம், எலுமிச்சை மாலை. ஐந்தாம் நாள் மாதங்கி வேஷம்: புடவை, வளையல், பூ. ஆறாம் நாள் சுண்ணாம்புக் குண்டம்: கரி பூசிய உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், தலையில் ஓட்டைகள் போட்டுச் சுண்ணாம்படித்த மண்பானை. அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, பெரிய ஜாதரை. அன்று வீதியெங்கும் புடவை கட்டிய ஆண்கள். மீசையும் இருக்கும், ஜடையும் இருக்கும்.

எல்லோரும் எல்லா நாளும் போடுவதில்லை. வேண்டிக்கொண்ட கணக்குத்தான். சிலருக்கு ஒரு நாள், சிலருக்கு ஒரு வாரம். ஆனால் போடுகிற வீட்டில் அந்த வாரம் அடுப்படி, கொல்லை, புறக்கடை மூன்றும் ஒப்பனை அறைகள். பெரிய பானை கிடைக்காத பிள்ளைக்குச் சின்னச் சட்டி. மாமாவின் வேட்டி, அத்தையின் புடவை, மூத்த பெண்ணின் உடைந்துபோன கவரிங் மாலை எல்லாம் வெளியே வருகின்றன. இரண்டு பழைய ரவிக்கைகளைப் பிரித்து மூன்றாவது ரவிக்கை ஒன்று பிறக்கிறது. ஆறு வயதுப் பையனின் தோளுக்கு எந்தக் கடையிலும் அளவு கிடைக்காது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தோட்டியையும் மாதங்கியையும் ஊர் பல நூற்றாண்டு எல்லைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அம்மன் தேர்ந்தெடுத்த வேஷங்களில் இரண்டு அவர்களுடையவை. மேல்தட்டு வீட்டுப் பிள்ளையும் அந்த நாளில் கரி பூசிக்கொண்டு தோட்டியாக நிற்கிறான். வாரம் முடிந்தால் ஊர் பழையபடி என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் "தோட்டின்னா யாரு பாட்டி?" என்று அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பாட்டி ஒரு பதில் சொல்லியாகவேண்டும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளில் அந்தக் கேள்வியே வருவதில்லை.

வேண்டுதல் என்ற கடன்

பெரியவர்கள் போடுவதைப் பிள்ளைக்கு ஏன் போடவேண்டும்? பதில் கோடைக்காலத்தில் இருக்கிறது. கங்கம்மா, மாரியம்மா, எல்லம்மா எல்லோரும் வெயிலோடு வருபவர்கள். வெயிலோடு அந்தக் காலத்தில் வந்தது பெரியம்மை. வீட்டில் பிள்ளைக்கு முத்து போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, "இவன் பிழைத்து எழுந்தால் உனக்கு வேஷம் கட்டி அனுப்புகிறேன்" என்று அம்மனிடம் சொல்வதுதான் தாய் கையிலிருந்த மருந்து. பிழைத்த பிள்ளைக்கு வேஷம் என்பது விளையாட்டல்ல, தவணை.

பெரியம்மையின் கடைசி உள்நாட்டு நோயாளி இந்தியாவில் பதிவானது 1975 மே மாதம், பீகாரில். 1977-ல் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் போய்விட்டது, வேண்டுதல் போகவில்லை. இன்று குறைப்பிரசவக் குழந்தைக்கும், நிற்காத காய்ச்சலுக்கும், பேச்சு வரத் தாமதமான பிள்ளைக்கும் வேண்டிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியபிறகும் அம்மனுக்குக் கட்டவேண்டியது பாக்கி இருக்கிறது என்று நினைக்கும் தாய்மார்கள் நிறைய. அதனால்தான் வேஷத்தை வீட்டிலேயே கட்டவேண்டும் என்பதில் பெரியவர்களுக்கு அவ்வளவு பிடிவாதம். கடனை அடுத்தவர் கையால் அடைத்தால் கணக்கில் ஏறுமா என்பது அவர்கள் சந்தேகம்.

தமிழ்நாட்டில் இதற்கு இணை சொல்லவேண்டுமென்றால் குலசேகரப்பட்டினம். திருச்செந்தூர் அருகே கடலோரத்து முத்தாரம்மன் கோவிலில் புரட்டாசி தசராவுக்கு ஆயிரக்கணக்கானோர் விரதமிருந்து, காப்புக் கட்டி, வேஷம் போட்டு ஊர் ஊராகப் போகிறார்கள். காளி, குறத்தி, ராஜா, போலீஸ், குரங்கு, கரடி, பிச்சைக்காரர். வீடு வீடாகக் கையேந்தி வாங்கிய காசு அம்மன் உண்டியலுக்குப் போகிறது. பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். காளி வேஷத்துக்கு விரதம் மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குரங்கு, கிருஷ்ணன், குட்டி ராஜா. மிட்டாய் கேட்டு வாசலுக்கு வரும் அமெரிக்கப் பிள்ளைக்கும், காணிக்கை கேட்டு வரும் குலசைப் பிள்ளைக்கும் வேஷம் ஒரே அனுமதிச் சீட்டைத் தருகிறது. யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். வித்தியாசம் பையைத் திறக்கும்போதுதான். ஒன்று பிள்ளைக்கு, மற்றது அம்மனுக்கு.

டென்னிசன் முதல் டப்பா வரை

ஹாலோவீனும் கடையில் பிறந்ததல்ல. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் இரவில், பழைய துணியைச் சுற்றி முகத்தில் கரி பூசி வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போனவர்களின் வழக்கம் அது. கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போனவர்கள் அதையும் மூட்டை கட்டிக்கொண்டு போக, அங்கே கிழங்கின் இடத்தைப் பரங்கிக்காய் பிடித்தது.

வேஷம் அம்மாக்களின் வேலையாக இருந்தது. அதை வியாபாரமாக முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் காகிதக்காரர். டென்னிசன் என்ற அமெரிக்க நிறுவனம் 1909-ல் 'போகி புக்' என்ற சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தது. (நம்முடைய போகிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே அந்தச் சொல்லுக்குப் பூதம் என்று பொருள்.) சுருக்கக் காகிதத்தில் வீட்டிலேயே உடையும் தொப்பியும் செய்வது எப்படி என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தது. காகிதம் விற்கவேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் வேலை வீட்டில்தான் நடந்தது. 1937-ல் நியூயார்க்கில் பென் கூப்பர் நிறுவனம் வந்தபின் நிலைமை மாறியது. மெல்லிய உடையும் முகமூடியும் அடங்கிய ஒரு டப்பா. கார்ட்டூன் பாத்திரங்களின் உரிமையை வாங்கிப் போட்ட வேஷம். டப்பாவைத் திறந்தால் பிள்ளை தயார். ஒரு தலைமுறைக்குள் அமெரிக்கத் தாயின் ஊசிநூல் ஓய்வு பெற்றது.

அந்த டப்பா வேறு உருவத்தில் இங்கேயும் வந்துவிட்டது. கிருஷ்ண ஜயந்திக்கு மயிலிறகு, புல்லாங்குழல், மஞ்சள் பஞ்சகச்சம் எல்லாம் ஒரே பாக்கெட்டில். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு ஒரு நாள் வாடகையில் ஜான்சி ராணி. கைப்பேசியில் பெயரைத் தட்டினால் மறுநாள் வாசலில் கட்டபொம்மன். 2024 டிசம்பரில் வந்த 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் புடவையும் நகையுமாக, உடம்பெங்கும் வண்ணம் பூசிக் கங்கம்மா ஜாதரையில் ஆடினார். வடநாட்டு ரசிகர்களுக்கு அது ஒரு நட்சத்திரத்தின் புதுத் தோற்றம். திருப்பதிக்காரர்களுக்கு அது சித்தப்பா போன வருஷம் போட்ட வேஷம்.

எல்லை ஊரின் இரட்டைக் கணக்கு

வாடகைக் கடையும் வீட்டு வேஷமும் ஒன்றையொன்று முட்டிக்கொள்வதைப் பார்க்கத் தடா பொருத்தமான இடம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் ஆந்திர எல்லையில் முதலில் வரும் ஊர். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை போகும் புறநகர் ரயில் இங்கே நிற்கும். ஒருபுறம் பழவேற்காடு ஏரி, மறுபுறம் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகள். நீண்டகாலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி எல்லைத் திருத்தம் நடந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கும் போன வட்டாரம் இது. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் அப்பாவிடம் ஒரு மொழி, அம்மாவிடம் ஒரு மொழி.

அதனால் மாறுவேடப் போட்டி வந்தால் பிள்ளைக்கு இரண்டு மாநிலத்து வீரர்களும் கிடைக்கிறார்கள். பாரதியாரா, அல்லூரி சீதாராம ராஜுவா? வீட்டில் செய்வதென்றால் கவலையில்லை. ஒரே வெள்ளை வேட்டி தலைப்பாகையானால் பாரதி. அதையே காவிமண்ணில் தோய்த்து மேலே போர்த்தி, மூங்கில் குச்சியை வளைத்து வில்லாக்கினால் அல்லூரி. மொழிவாரி மாநிலம் கேட்டு 58 நாள் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலுவுக்கு வேட்டி, துண்டு, ஒரு மூக்குக்கண்ணாடி போதும். வாடகைக்கு எடுக்கும் அம்மாவுக்கு ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்வர ஒரு நாள், திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள். கறை பட்டால் முன்பணத்தில் பிடித்தம். "உட்காராதே, தண்ணி குடிக்காதே, ஜரிகையைப் பிய்க்காதே" என்று பிள்ளையை நாள் முழுக்க அதட்டவேண்டியிருக்கும். மேடையில் நிற்கும்போது அந்த ஜான்சி ராணியின் முகத்தில் வாளைவிட முன்பணம்தான் அதிகம் தெரியும்.

அதேசமயம் வாடகைக் கடையைக் குறை சொல்வதும் எளிது. ஸ்ரீசிட்டி ஷிப்டுக்கு விடியுமுன்பே பஸ் ஏறும் தாய்க்கு நாமக்கட்டியை ஊறப்போட நேரம் ஏது? ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுக்கப் பாட்டி அந்த வீட்டில் இருக்கிறாரா? கைவேலை என்பது மனசு மட்டும் இருந்தால் நடப்பதல்ல. ஒரு ஆள் வீட்டில் சும்மா இருக்கவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. இதுவரை அந்த ஆள் பெண்ணாகவே இருந்திருக்கிறார். அப்பாக்கள் அட்டை வெட்டக் கற்றுக்கொண்டால் பாதிப் பிரச்னை தீரும்.

கையால் செய்ய

வீட்டு வேஷத்துக்குச் செலவு குறைவு, நேரம் அதிகம், கவனம் அதைவிட அதிகம்.

பூச்சு: முதலில் உடம்பில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவிவிட்டால் பின்னால் கழுவுவது எளிது. நாமக்கட்டியை இரவே ஊறவைத்து, மணல் நெருடாத அளவுக்குக் குழைக்கவேண்டும். மெல்லிய பூச்சு போதும், கனமாகப் போட்டால் வெடித்து உதிரும். கரிக்குத் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் பொடித்து மெல்லிய துணியில் சலித்த தூள் நல்லது. பழைய டயர், பாட்டரி, அச்சுக் காகிதம் எரித்த கரி பக்கத்திலேயே வரக்கூடாது. கண், உதடு, மூக்குத் துவாரம் மூன்றையும் சுற்றி ஒரு விரற்கடை விட்டுப் பூசுவது வழக்கம்.

சிவப்பு: குங்குமத்தில்தான் உஷார் தேவை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த ரசாயனம். நல்ல குங்குமம் அந்த வழியில் வந்தது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பளீர்ச் சிவப்பு அப்படி இருக்கவேண்டுமென்பதில்லை. 2017-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய செந்தூர மாதிரிகளைப் பரிசோதித்தபோது பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எதிரி. கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு உடம்பு முழுக்கச் சிவப்புப் பூசுவதைவிட நெற்றியில் ஒரு கீற்று வைத்துவிட்டுச் சிவப்புத் துணி சுற்றுவது மேல். எந்தப் பூச்சானாலும் முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் காசளவு தடவிப் பார்க்கவேண்டும். அரித்தால், தடித்தால் அந்தப் பொருள் வேண்டாம்.

துணி: ஜாதரையில் கற்பூரமும் தீபமும் பிள்ளையின் உயரத்திலேயே எரிகின்றன. நைலான், வலைத்துணி, ஜிகினா எல்லாம் நொடியில் பற்றி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். 2014-ல் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரின் மகள் போட்டிருந்த ஹாலோவீன் உடை மெழுகுவத்தியில் பற்றிக்கொண்டு சிறுமி பலத்த தீக்காயமடைந்தாள். பிள்ளைகளின் வேஷ உடைகள் எவ்வளவு எளிதில் எரிகின்றன என்ற விவாதம் அந்த நாட்டில் அதன்பின் சூடுபிடித்தது. பருத்திப் புடவையை உடம்போடு ஒட்டக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகிவிடுவது பாதுகாப்பு. பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. தொங்கல்கள் குறையக் குறைய ஆபத்தும் குறையும்.

கிரீடமும் ஆயுதமும்: நூலால் தலையைச் சுற்றி அளந்து, ஒரு விரல் இடம் விட்டு அட்டையை வெட்டவேண்டும். மைதாப் பசை, பொன் காகிதம், உட்புறத்தில் பழைய துணிப் பட்டை வைத்தால் நெற்றியில் அறுக்காது. கத்தி, சூலம் எல்லாம் அட்டையில்தான். குலசையிலும் இரும்பு ஆயுதங்களுக்கு அதிகாரிகள் தடை விதிப்பது வழக்கம். ஜடைக்குக் கறுப்புக் கம்பளி நூல் மூன்று கற்றை. முகமூடியைவிட முகப்பூச்சு நல்லது. கூட்டத்தில் பிள்ளைக்குக் கால் தெரியவேண்டும், அம்மாவுக்குப் பிள்ளையின் முகம் தெரியவேண்டும்.

வெயில்: திருப்பதியில் மே மாதப் பகல் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பூச்சோடு நிற்கும் பிள்ளைக்கு மோர், தண்ணீர், நிழல் மூன்றும் வேளாவேளைக்கு வேண்டும். அதிகாலையில் கட்டிக் கோவிலுக்குப் போய், வெயில் ஏறுமுன் வீடு திரும்பிக் குளிப்பாட்டிவிடுவதே அனுபவஸ்தர்களின் ஏற்பாடு.

பிள்ளையின் பங்கு: வேப்பிலை கோப்பது, சந்தனம் இழைப்பது, சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி வைப்பது எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளை செய்யக்கூடியவை. புள்ளி கோணலாக இருந்தால் இருக்கட்டும். தானே வைத்த கோணல் புள்ளியைத்தான் பிள்ளை தெருவில் எல்லோரிடமும் காட்டும்.

"நான் பொம்பளையா?"

எல்லா வேஷத்திலும் பெற்றோரைத் திணறடிப்பது புடவைதான். மூன்று வயதில் மகிழ்ச்சியாகக் கட்டிக்கொண்ட பையன் எட்டு வயதில் மறுக்கிறான். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்கிறான். வேண்டிக்கொண்ட அம்மாவுக்குக் கண் கலங்குகிறது. ஜாதரையைப் பல ஆண்டு ஆராய்ந்து 2013-ல் புத்தகம் வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியை ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், ஆண்கள் அம்மனை நெருங்கத் தாங்களே பெண்ணாக மாறவேண்டியிருப்பதைத்தான் இதன் மையமாகப் பார்க்கிறார். பெண்களுக்கு வேஷம் தேவைப்படுவதில்லை. அவர்கள் ஏற்கெனவே அம்மனின் சாயல். பெண்களை வாழவிடாத ஒருவனின் கதையைக் கொண்டாடும் ஊரில், ஆண்கள் ஒரு நாள் முழுக்கப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடக்கிறார்கள். பார்வை என்றால் என்ன, அது எப்படி உறுத்தும் என்பதைத் தோளில் உணர்ந்துகொண்டு நடக்கிறார்கள்.

எட்டு வயதுப் பையனிடம் இவ்வளவையும் சொல்லமுடியாது. சொல்லத் தெரிந்த வீடுகளில் பாட்டி கதையைச் சொல்கிறார். அப்பா தானும் ஒரு புடவையை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். அதன்பின் பையன் மறுப்பது குறைவு. அப்படியும் மறுத்தால் மாதங்கியை விட்டுவிட்டு பைராகியாகப் போகலாம். அழுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தி நிறுத்திய வேஷம் அம்மனுக்கும் பிடிக்காது என்பது அனுபவமுள்ள பாட்டிகளின் தீர்ப்பு. வேண்டியது பெரியவர்கள், உடம்பு பிள்ளையுடையது. அந்த வேறுபாட்டை மறக்காத வீட்டில் வேஷம் நினைவாகத் தங்குகிறது. மறந்த வீட்டில் அது பயமாகத் தங்கிவிடக்கூடும்.

செவ்வாய் இரவு கோவில் வாசலில் களிமண்ணால் அம்மனின் விசுவரூபம் எழும்புகிறது. கண்கள் பெரியவை, நாக்கு வெளியே. விடியும் நேரத்தில் பேரண்டாள் வேஷமிட்டவர் வந்து அந்த முகத்தைக் கிழிக்கிறார். ஒரு வாரம் ஊரை ஆட்டிவைத்த உக்கிரம் நொடியில் மண்ணாகிறது. கூட்டம் மொத்தமும் ஒரு பிடி மண்ணுக்குப் பாய்கிறது. கிடைத்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியில் கொஞ்சம் இடுவதற்கு.

புதன்கிழமை காலை கிணற்றடியில் அந்தப் பையனுக்குக் குளியல். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கடைசி வெள்ளையைப் பாட்டி கட்டைவிரலால் தேய்த்தெடுக்கிறார். சரக்கொன்றையை மாடு தின்றாயிற்று. புடவை கொடியில் காய்கிறது. சுண்ணாம்புச் சட்டி மட்டும் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது, கோணல் புள்ளிகளோடு. அதை உடைக்கக் கூடாது என்று பையன் சொல்லிவிட்டான். அடுத்த வருஷத்துக்கு வேண்டுமாம்.